மஞ்சள்காமாலை என்று சொல்லச் சொன்னேன்

1

ரம்யா, கிஷோர், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

யார் கேட்டாலும் சித்தப்பாவுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லச் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன், சித்தியிடம் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு வந்தது மஞ்சள்காமாலை இல்லை. குடி. இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதுண்ணா. ஊருக்கே தெரியும், நாமதான் தெரியாத மாதிரி நடிச்சிக்கினு இருந்தோம்" என்றான். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நான் எட்டாவது படித்து வெல்டர் டிரேடு முடித்தவன். கோர்வையாக எழுத வராது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓமனுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம். வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. அதில் துணி துவைத்து, முடி வெட்டி, உங்களோடு பேசியது போக மிச்சமிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். மற்ற நாளெல்லாம் நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணி பஸ் பிடித்து, பட்டறை வாசலில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். ஒன்பதரைக்கு டீ. பன்னிரண்டுக்குச் சாப்பாடு. அந்த இரண்டு நேரம்தான் போனைத் தொடலாம். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

2

ரம்யா, உன் ஃபார்மிலிருந்துதான் தொடங்கவேண்டும். போதைக்கு அரசாங்கம் போடும் சட்டதிட்டங்களைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள், பொறுப்பில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதும்படி உங்கள் காலேஜில் வேலை கொடுத்திருந்தார்கள். எனக்கும் போனில் அனுப்பினாய்.

"அப்பா, இருவது கேள்விதான். உன் மனசுல இன்னா தோணுதோ அதைப் போடு. யாரையும் கேக்காத" என்றாய்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேம்ப் அறையில் என் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் ஆரம்பித்து 'சிறிதும் உடன்படவில்லை' வரைக்கும். மேல் கட்டிலில் இருக்கும் வெங்கடேசு தடாக்காரன், நம் கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திரா நுழைந்ததும் வரும் ஊர். அவன் தலையைத் தொங்கப்போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பரிட்சையா? எல்லாத்துக்கும் நடுவுல இருக்கறதைப் போட்டுடு. பாஸ் பண்ணிடுவே" என்றான்.

நான் நடுவில் போடவில்லை. கடைகளை எல்லாம் மூடவேண்டுமா, முற்றிலும் உடன்படுகிறேன். போதைக்கு அடிமையானவரைக் குற்றவாளியாக நடத்தவேண்டுமா, முற்றிலும். அவர்கள் வைத்தியத்துக்கு அரசாங்கம் பணம் செலவழிக்கலாமா, சிறிதும் இல்லை. கடைசியில் சொந்தக் கருத்து எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருந்தாய். 'இங்கே வந்து பாருங்கள். கேம்ப்பில் பாட்டிலோடு பிடிபட்டால் மறுநாள் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பயம் இருந்தால் எவனும் தொடமாட்டான்' என்று எழுதினேன். இங்கேயும் குடிக்கிறவன் குடிக்கிறான், பயந்து பயந்து குடிக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை.

பதினேழாவது கேள்வி, உங்கள் தெருவில் குடிநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லம் திறந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று. அதற்கும் சிறிதும் இல்லை. ஏற்கெனவே பதில் சொன்ன கேள்விதானே அது. போன வருடம் மணவாள நகரில் நம் பின்தெருவில் அந்த மாதிரி ஒன்றுக்கு மாடிவீட்டை வாடகைக்குக் கேட்டார்கள். பெண்பிள்ளைகள் நடமாடும் தெரு என்று எல்லோரும் சேர்ந்து மனு எழுதினார்கள். அம்மா என்னைக் கேட்டாள். "மொத கையெழுத்தா போடு" என்று இங்கிருந்து சொன்னேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் நீ போனில், பெரிய ஆட்கள் சொன்ன பதிலை எல்லாம் நடித்துக் காட்டினாய். வார்டு மெம்பர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எழுதிக்கம்மா, பூரண மதுவிலக்கு! அதான் நம்ம கொள்கை. அதுவரிக்கும் இந்தக் கடையை பைபாஸாண்ட தள்ளிட்டா போதும். அது நம்ம லிமிட்டு இல்ல" என்றாராம். அதற்கு நான் கேம்ப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன்.

பிறகு சித்தப்பா வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுக்குப் போய் சேஃப்டி ஆபீசரைப் பார்த்ததைச் சொன்னாய். அவர் உனக்கு ஒரு காகிதத்தைக் காட்டினாராம். குடித்திருக்கிறார்களா என்று பார்க்க கேட்டில் மெஷினில் ஊதச் சொல்லும்போது மூன்று முறை மாட்டினால் வேலை போகும். ஆனால் தானாக முன்வந்து, எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது என்று பெயர் கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டால் வேலை போகாது என்றும் அதிலேயே போட்டிருந்ததாம். எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறாய்.

"ஒருத்தனும் இல்லம்மா. ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேரு ஊதி மாட்டுறான், எனக்குத் தெரியாதா? பேரு மட்டும் குடுக்க மாட்டான். பேரு எழுதினா நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துல பேசுவாங்கன்னு பயம்."

நீ அதைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. சித்தப்பா அதற்குள் இரண்டு முறை மாட்டியிருந்தான். அது எனக்கும் சித்திக்கும்தான் தெரியும்.

3

நானும் அவனும் ஒரே மில்லில் இருந்தோம். நான் வெல்டிங், அவன் ரோலிங். பழுக்கக் காய்ந்த இரும்பு செக்கச்செவேல் என்று உருளைகளுக்கு நடுவே பாம்பு மாதிரி ஓடிவரும். அதை உருளை வாயிலேயே குறட்டால் பிடித்து, திருப்பி, அடுத்த உருளை வாய்க்குள் செருகவேண்டும். கண் இமைத்தால் காலைச் சுற்றும். எட்டு மணி நேரம் அப்படி நின்றவன் வெளியே வந்ததும் நேராக வீட்டுக்குப் போகமாட்டான். உடம்பு சூடு இறங்கவேண்டும் என்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாததால் நின்றுவிட்டது, ஒழுக்கத்தால் இல்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

நான் விமானம் ஏறிய வருடம் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குடித்தான். பிறகு தினம் சாயங்காலம். பிறகு காலையில் கை நடுங்குகிறது, குறடு பிடிக்க வரவில்லை என்று அதற்கும் கொஞ்சம். பண்டிகைக்குப் பணம் அனுப்பினேன், சட்டை அனுப்பினேன், போனில் திட்டினேன். திட்டினால் "சரிண்ணா" என்பான். அந்த "சரிண்ணா"வை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். சௌகரியமாக இருந்தது.

ரம்யா, நீ மில்லுக்குப் போய்வந்த பிறகு சித்தி எனக்குப் போன் போட்டு அழுதாள். "மாமா, ரம்யா சொல்லுதே, பேரு குடுத்தா வேலை போவாதுன்னு. குடுத்துடச் சொல்லட்டா?"

"பேரு கீரு எதுவும் குடுக்க வாணாம். ஒருவாட்டி எழுதிட்டா அழியாது. ஊருக்கு வரச்சொல்லு. கயிறு கட்டிடலாம்" என்றேன்.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் நம் ஊர் அம்மன் கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு விட்டவர்கள் உண்டு. சத்தியம் செய்து, பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினால், கெடு முடியும் வரைக்கும் தொடக்கூடாது. தொட்டால் அம்மன் கணக்குக் கேட்பாள். நம் பங்காளி ஒருவர் அப்படி விட்டு இன்றைக்கும் விவசாயம் பார்க்கிறார். நான் அவரை மட்டும்தான் நினைத்தேன். மில்லில் பத்து நாள் லீவு, கயிறு கட்டியதும் கும்மிடிப்பூண்டிக்குப் போகாமல் மணவாள நகரில் நம் வீட்டிலேயே இருக்கட்டும், கூட்டாளிகள் கண்ணில் படவேண்டாம் என்று எல்லாம் நானே முடிவு செய்தேன். யார் கேட்டாலும் மஞ்சள்காமாலை, பத்தியம், ஓய்வு. அதுவும் என் ஏற்பாடு.

4

வெள்ளிக்கிழமை கயிறு கட்டினார்கள். சித்தி வீடியோ காலில் காட்டினாள். சித்தப்பா ஈரத் தலையோடு, விபூதி பூசிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி நின்றான். விடியற்காலையில் கடைசியாக ஒன்று போட்டுவிட்டுத்தான் கோவில் குளத்தில் இறங்கினான் என்பது பிற்பாடு தெரிந்தது.

சனிக்கிழமை கை நடுங்குகிறது, வேர்வை கொட்டுகிறது, டம்ளர் நிற்கவில்லை என்று அம்மா சொன்னாள். "விஷம் இறங்குது, இறங்கட்டும்" என்றேன். எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. கஷ்டப்பட்டால்தான் புத்தி வரும் என்று நினைக்கிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு லாக்கரைத் திறந்தால் பதினான்கு மிஸ்டு கால். ரம்யா, நீ எடுத்ததும் அழவில்லை. அதனால்தான் விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"அப்பா, சித்தப்பாக்கு காலைல ஃபிட்ஸ் வந்துச்சு. ரெண்டு வாட்டி. பல்லு கிட்டிக்கிச்சு. பக்கத்து ஊட்டு ஆயா சாவிக்கொத்தைக் கையில வச்சாங்க, நிக்கவே இல்ல. ஆட்டோ புடிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டோம். டாக்டர் இன்னா கேக்குறாங்கன்னா, இவரு குடிப்பாரான்னு."

"சித்தி இன்னா சொன்னா?"

"கயிறு கட்டிக்கினாரு, தொடவே மாட்டாருன்னு சொல்லிட்டாங்க. சாமி மேல சத்தியமான்னு வேற சொல்றாங்க. டாக்டர் என்னைப் பாக்குறாங்கப்பா. நான் இன்னா சொல்லட்டும்?"

இந்த இடத்தை நான் மறைக்காமல் எழுதவேண்டும். "இல்லைன்னே சொல்லிடு" என்றேன். "குடின்னு சீட்டுல எழுதிட்டா அந்தச் சீட்டு லீவுக்கு மில்லுக்குப் போவும். வேலை காலி. மஞ்சக்காமாலைன்னு சொல்லு."

"அப்பா, மஞ்சக்காமாலைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்கப்பா."

"சொன்னதைச் செய்."

நீ செய்தாய். என் பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் உன்னைப் பெருமையாகச் சொல்வேன். அன்றைக்கு நீ கேட்டிருக்கக்கூடாது.

5

மணி அடித்தது. போனைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டால் வெல்டருக்கு உலகம் கிடையாது, எதிரில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும்தான். பதினோரு வருடத்தில் அந்தப் புள்ளியில் எத்தனையோ கவலையை மறந்திருக்கிறேன். அன்றைக்கு மறக்க முடியவில்லை. ஒரே இடத்தில் ராடை வைத்துக்கொண்டு நின்று தகடு ஓட்டை விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் இந்தியில் கத்தினார். "பாய் பீமார்" என்றேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இன்னா பீமார் என்று கேட்டார். பீலியா என்றேன், மஞ்சள்காமாலைக்கு இந்தியில் அதுதான். அவரிடம்கூடப் பொய். அவருக்கு நம் ஊரில் யாரைத் தெரியும்? யார் கல்யாணம் நின்றுவிடும்?

பக்கத்தில் வெங்கடேசு தகடு பிடித்துக்கொண்டிருந்தான். ஒருவரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது, அவன் காதோரம் சொன்னேன். கேட்டதும் அவன் தகட்டைக் கீழே வைத்தான்.

"ஒரேயடியா நிறுத்திட்டீங்களா? எங்க பெரியப்பா அப்படித்தான் நைனா. மாலை போட்டாரு. மூணாம் நாளு சுவத்துல எறும்பு ஊருதுன்னு தட்டிக்கினே இருந்தாரு. டாக்டருக்குத் தெரியாது, நாங்க சொல்லல. அஞ்சாம் நாளு..."

"அஞ்சாம் நாளு இன்னாடா?"

தகட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நடுவில் லாக்கர் சாவி கேட்டால் எழுதித் தரவேண்டும், ஆபீசில் ஒருவர், செக்யூரிட்டியில் ஒருவர் கையெழுத்து. எழுதிக் கேட்டிருக்கலாம். அந்தத் தாளில் அவசரக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தே நேரத்தைக் கழித்தேன்.

பன்னிரண்டுக்குப் போன் போட்டபோது எடுத்தது ரம்யா இல்லை, கிஷோர். கிஷோர், நீ என்னோடு பேசி எவ்வளவு நாள்! "ம்" என்பாய், "சாப்ட்டேன்" என்பாய், அம்மாவிடம் கொடுத்துவிடுவாய். இங்கே கஷ்டப்படுவது யாருக்காக என்று உன்மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. அன்றைக்கு நீதான் பேசினாய்.

"அப்பா, சித்தப்பா ஒரு மாதிரி பண்றாருப்பா. கட்டில்ல ஏறி நின்னுக்கினு, இரும்பு வருது, தள்ளு, கால எடுன்றாரு. என்னையும் நர்ஸையும் சேத்து இழுக்குறாரு. கைய கட்டிப் போட்டிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாய். "எனக்குத் தெரியும்ப்பா. பைக் சீட்டுக்கு அடியில பாட்டில் இருக்கும். நான் பாத்திருக்கேன். சொன்னா நீ திட்டுவேன்னு சொல்லல."

"டாக்டர் இருக்காங்களா? போன அவங்ககிட்ட குடுடா."

டாக்டர் சின்ன வயதுப் பெண் போலிருந்தது, குரல் சோர்ந்திருந்தது.

"நீங்க அண்ணனா? உண்மைய சொல்லுங்க சார். எனக்கு ஏற்கெனவே சந்தேகம்தான். குடிப்பாரா?"

"குடிப்பான்மா."

"எவ்வளவு?"

"தினம். காலைலயும். பல வருஷமா."

"கடைசியா எப்ப?"

"வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்ன இருக்கும். கயிறு கட்டினோம்."

"யார் ஒரேயடியா நிறுத்தச் சொன்னது?"

"நான்தாம்மா."

அவர் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. இது வேற வைத்தியம் சார். இத்தனை வருஷம் குடிச்ச உடம்புல திடீர்னு நிறுத்தக்கூடாது, மருந்து குடுத்துத்தான் இறக்கணும். பாக்குறேன், வையுங்க" என்றார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் ஆறிக்கிடந்தது. வெங்கடேசு ஒன்றும் கேட்காமல் பால் இல்லாத சுலைமானி டீ ஒன்று கொண்டுவந்து வைத்தான்.

6

ஊருக்கு வர லீவு கேட்டேன். அவசர விடுமுறைக்கு உள்ள பட்டியலில் தாய், தகப்பன், மனைவி, பிள்ளை மட்டும்தான். "பிரதர் நோ" என்று கிளார்க் பேனாவால் தட்டிக் காட்டினார். என்ன வியாதி என்று எழுதச் சொன்ன இடத்தில் இந்த முறை உண்மையை எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னையே ஏற இறங்கப் பார்த்தார். இவனும் அந்த வகையோ என்று நினைத்திருப்பார். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சித்தப்பா எத்தனை வருடம் அதை வாங்கிக்கொண்டிருக்கிறானோ.

ஐந்தாம் நாள் அவனுக்கு நினைவு தெளிந்தது. அந்த நாள் முடியும் வரைக்கும் நான் எதையும் விழுங்கவில்லை.

ரம்யா, டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நீயும் சித்தியும் கும்மிடிப்பூண்டி மில்லுக்குப் போனீர்கள். போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டீர்கள். போங்கள் என்று சொன்னேன், ஆனால் தைரியத்தோடு சொல்லவில்லை. ஆபீசர் சீட்டைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று நீ சொன்னதை நான் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்கதாம்மா மொத ஆளு. ரூல் இருக்கு, இதுக்கு ஃபார்ம் இன்னும் அடிக்கல. ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதிக் குடுங்க. மேலே கேக்கணும்."

மேலே என்ன சொல்வார்கள் என்று இன்னும் தெரியவில்லை. சட்டம் எழுதினவர்களே ஒருவனும் வரமாட்டான் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வராமல் பார்த்துக்கொண்டது நம்மைப் போன்றவர்கள்.

மருந்து முடிந்ததும் சில வாரம் மறுவாழ்வு இல்லத்தில் இருக்கவேண்டும் என்கிறார் டாக்டர். இடம் கிடைத்திருப்பது சென்னைக்கு அந்தப் பக்கம். சித்தி போய்வர பஸ், ரயில், திரும்பவும் பஸ், ஒருநாள் வேலை போய்விடும். நம் பின்தெருவில் இருந்திருந்தால் நீங்கள் நடந்துபோய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். மனுவில் முதல் கையெழுத்து நம் வீட்டுடையது.

கடைகளை மூடவேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை, ரம்யா. மற்ற பதில்களில் எனக்கு நிச்சயம் போய்விட்டது. எந்தப் பதில் சரி என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்று போட உன் ஃபார்மில் இடமில்லை. அடுத்த முறை அதற்கும் ஓர் இடம் விடு.

தெருவில் யாராவது கேட்டால் வைத்தியம் நடக்கிறது, இன்ன வியாதிக்கு என்று சொல்லுங்கள். சொல்லும்போது தலையைக் குனியாதீர்கள். கிஷோர், பைக் சீட்டுக்கு அடியில் இருந்ததை நீ என்னிடம் சொல்லாததற்கு நான்தான் காரணம். இனிமேல் சொல். திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யமாட்டேன், சத்தியத்தின் மேல் எனக்கு இப்போது பயம். முயற்சி செய்கிறேன்.

7

இதை எழுதும் இந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் புதுச் சிக்கல். சித்தப்பா மறுவாழ்வு இல்லத்துக்குப் போகமாட்டேன் என்கிறான் என்று சித்தி போனை அவனிடம் கொடுத்தாள். நாளைக்குக் காலை ஆஸ்பத்திரி வண்டியிலேயே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளை விட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

"இன்னாடா?" என்றேன்.

"ண்ணா, ஊசி போட இடமில்லன்னு நர்சம்மா கயித்தை அறுத்துட்டாங்க. எனக்கு நெனவு இல்ல."

"அதனால இன்னா?"

"கெடுவுக்குள்ள கயிறு கையை விட்டுப் போவக்கூடாது. அம்மன் சும்மா உடுவாளா? மருந்து கிருந்து எல்லாம் இனிமே எனக்கு ஏறாதுண்ணா. அவ கேட்டுக்கினேதான் இருப்பா. ஊட்டுக்கே போறேன், ஆவுறது ஆவட்டும்."

டாக்டர் சொன்னதை எல்லாம் திருப்பிச் சொன்னேன். அவனுக்கு ஏறவில்லை. மில்லில் வேலை போகும் என்று மிரட்டினேன், அதுவும் ஏறவில்லை. வேலையைவிட, உயிரைவிட, அவனுக்கு அவள்தான் பயம். அந்தப் பயத்தை அவன் கையில் கட்டிவிட்டவன் நான்.

"டேய் ஏழுமலை, சத்தியம் பண்ணச் சொன்னது யாரு?"

"நீதான்."

"அப்ப அவ என்னைத்தான் கேக்கணும். நான் அவகிட்ட பேசிக்கிறேன். நீ வண்டி ஏறு."

"அங்கேருந்தேவா?"

"இங்கேருந்துதான்."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மறக்காம பேசுண்ணா. சும்மா எனக்காக சொல்லிட்டு உட்டுடாத" என்றான். வண்டி ஏறுகிறேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

எல்லோரும் சந்தைக்குப் போனபிறகு கேம்ப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனேன். கற்பூரம் கிடையாது, இருந்தாலும் இங்கே கொளுத்த முடியாது. நம் ஊர் இருக்கும் கிழக்கு எது என்று பார்த்து நின்றேன். செருப்பைக் கழற்றினேன். மணல் சுட்டது. வாய்விட்டுத்தான் சொன்னேன்: "தாயே, கட்டச் சொன்னவன் நான், பொய் சொல்லச் சொன்னவனும் நான். அவனை விட்டுடு. கேக்கறதை எங்கிட்ட கேளு." வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. கால் பொறுக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.